12 லட்சத்தில் ஆவணிக் கலியாணம்: உடுப்பைத் தைக்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வருகிற ஆவணியில் அவருக்குக் கலியாணம். மாப்பிள்ளை திருக்கோவில் ஊர்க்காரர். நகையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு வீட்டாரும் சேர்த்து ஒதுக்கியிருப்பது 12 லட்சம் ரூபாய். பெரியவர்கள் எழுதிய பட்டியலில் 400 பேர் இருக்கிறார்கள். வரவேற்புக்குத் தன் அளவுக்கே தைத்த லெஹங்கா (நீளப் பாவாடையும் சட்டையும்) போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்மா, "மூன்று மணித்தியாலம் போடுகிற உடுப்புக்கு ஏன் அவ்வளவு செலவு, வாடகைக்கு எடு" என்கிறாராம். இந்தக் காசுக்குள் கலியாணம் நடக்குமா, உடுப்பைத் தைக்கலாமா என்று கேட்கிறார்.

நடக்கும் தங்கச்சி. உடுப்பையும் தைக்கலாம். நான் கல்லடியில் மணப்பெண் உடுப்புகள் தைக்கிறேன். கலியாணத்தன்று வீட்டுக்குப் போய் உடுத்திவிடவும் செய்கிறேன். அதனால் கணக்கு எந்த இடத்தில் கைமீறிப் போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காசை விழுங்குவது ஆக்களின் தொகையும் கடைசி மாதத்தில் எடுக்கிற முடிவுகளும். உடுப்பு அந்த வரிசையில் மிகவும் பின்னுக்குத்தான் வரும். இப்போதே முடிவெடுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கிற பல விஷயங்கள் ஆடி பிறந்த பிறகு இரட்டிப்பாகும். உங்களுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுதான் உங்களிடம் இருக்கிற பெரிய முதல்.

முதலில் அந்த 400 பேரைப் பார்ப்போம். 12 லட்சத்தை 400ஆல் பிரித்தால் ஒரு ஆளுக்கு 3,000 ரூபாய். சாப்பாடு, கதிரை, மண்டபம், சோடனை, மேளம், ஐயர், கார்ட், படம், வாகனம், கூறை (தாலிக்கட்டுச் சேலை) என்று எல்லாம் அந்த 3,000க்குள் அடங்க வேண்டும். அதையே 250 பேராக்கினால் தலைக்கு 4,800 ஆகிறது. ஒரு பொருளையும் பேரம் பேசாமல், ஒன்றையும் தரம் குறைக்காமல் கிடைக்கிற இடைவெளி இது. வேறு எந்தச் சிக்கனமும் இதற்குக் கிட்ட வராது.

ஆனால் பெயரை வெட்டச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். "உன்ர பக்கம் இருபது, என்ர பக்கம் இருபது" என்று தொடங்கினால் அது முடியவே முடியாது. பெயரை விட்டுவிட்டு நிகழ்வைப் பிரியுங்கள். குடிவழிச் சொந்தங்கள் (தாய்வழிக் குலத்தார்), கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், அயலார் ஆகியோரை விட முடியாது. அவர்களைத் தாலிக்கட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். கூடப் படித்தவர்கள், அலுவலகத்தார், அப்பாவுக்குப் பழக்கமான கடைக்காரர்கள் பின்னேர வரவேற்புக்கு வரட்டும். இன்னொன்று, பட்டியலை ஆள் ஆளாக எழுதாமல் குடும்பம் குடும்பமாக எழுதி, பக்கத்திலேயே எத்தனை பேர் வருவார்கள் என்று போடுங்கள். ஒரு கார்ட் கொடுத்தால் நாலைந்து பேர் வருவார்கள். 100 கார்ட் அடித்துவிட்டு 100 பேருக்குக் கணக்குப் பார்க்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்துக்கு வழி இன்னும் இலகு. திருக்கோவிலிலிருந்து எத்தனை பஸ் என்று முதலிலேயே பேசி முடித்தால், இருக்கைகளின் தொகையே அவர்களுடைய தொகை. யாருக்கும் மனக்கசப்பு வராது.

அடுத்தது, நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். அதனால் கலியாண நாள் குறித்தவுடன் வீட்டு வேலையும் தொடங்கிவிடும். தரைக்கு டைல்ஸ், சுவருக்குப் பெயின்ட், முன் விறாந்தைக்கு ஒரு கிறில். "ஆக்கள் வருவினம், இப்படியே விடேலாது" என்ற ஒரு வசனத்தில் கலியாணக் காசு சீமெந்தாகிவிடும். வீட்டுக் காசையும் கலியாணக் காசையும் இரண்டு வங்கிப் புத்தகத்தில் வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு எடுப்பதென்றால் அப்பா, அம்மா, நீங்கள் மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கச் சுவருக்குப் பூச்சு இல்லையென்று கலியாணத்துக்கு வந்தவர் யாரும் சாப்பிடாமல் போனதில்லை.

நாளைப் பற்றி. ஆவணி நல்ல தெரிவு. வாடைக்காற்று மழையும் வெள்ளமும் இல்லாத காலம். சிறுபோகம் வெட்டி முடிகிற நேரமென்பதால் வயல் வைத்திருக்கிற வீடுகளில் புது நெல்லும் கொஞ்சம் காசும் இருக்கும். ஆனால் ஆடி முழுக்கக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஆவணியில்தான் வந்து விழுவார்கள். நல்ல முகூர்த்த நாளென்றால் மண்டபம், ஐயர், மேளம், படம் எடுப்பவர், உடுத்திவிடுபவர் என எல்லாருக்கும் அன்றைக்கு மூன்று அழைப்பு இருக்கும். பஞ்சாங்கத்தில் ஒரே நாளைப் பிடித்துக்கொள்ளாமல் ஐயரிடம் இரண்டு மூன்று நாள் கேட்டு வாங்குங்கள். கிழமை நாளில் முகூர்த்தம் கிடைத்தால் மண்டபத்தில் பேசிக் குறைக்கலாம். மண்டூர் முருகன் திருவிழாவும் ஆவணியில்தான் வரும். உங்கள் பக்கத்துச் சனம் பாதி அங்கே நிற்கும்; பூ விலையும் ஏறும். நாள் வைக்க முன் கோயில் நாட்களையும் பாருங்கள். கலியாணத்துக்கு அடுத்த நாள் மச்சச் சாப்பாடு கொடுக்கிற யோசனை இருந்தால் அது போயா (பௌர்ணமி) நாளில் விழாமல் பாருங்கள். அன்றைக்கு இறைச்சிக்கடை பூட்டு.

இடம் என்று வரும்போது என் விருப்பம், தாலிக்கட்டு கோயிலில், சாப்பாடு பக்கத்து மண்டபத்திலோ வீட்டுப் பந்தலிலோ. உங்கள் ஊர்க் கோயிலாக இருக்கட்டும், மாமாங்கேஸ்வரர் ஆலயம் போன்ற பெரிய கோயிலாக இருக்கட்டும், அந்த இடத்துக்கென்று ஒரு அழகு இருக்கிறது. ஆயிரம் பிளாஸ்டிக் பூ வைத்தாலும் மண்டபத்தில் அது வராது. மணவறைச் சோடனைச் செலவு பாதிக்கு மேல் குறையும். ஹோட்டலில் வைப்பதென்றால் அவர்கள் சொல்கிற தலைக்கணக்கு விலையில் சேவைக் கட்டணமும் வற் (VAT) வரியும் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். 250 பேரின் சாப்பாட்டுக்கு 18 வீதம் என்பது ஒரு கூறைச்சேலைக்கு மேல் வரும். ஆகக் குறைந்தது இத்தனை பேருக்குக் காசு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை, ஜெனரேட்டர், துப்புரவுக் கூலி, வெளிச் சமையலுக்குத் தனிக் கட்டணம் ஆகியவற்றையும் முற்பணம் கொடுக்க முன் கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை.

வீட்டில் வைத்தால் கதிரை, தகரப் பந்தல், அண்டா குண்டாவுக்கு ஊர்ச் சங்கத்தையோ விளையாட்டுக் கழகத்தையோ முதலில் கேளுங்கள். அங்கத்தவர்களுக்கு வெளியில் கேட்கிற வாடகையில் ஒரு பங்குக்குத்தான் கொடுப்பார்கள்.

சாப்பாடு. தாலிக்கட்டன்று மரக்கறிதான் என்பதால் நல்ல சமையல்காரர் ஒருவர் கிடைத்தால் வீட்டுச் சமையல்தான் மலிவு, ருசியும் அதுதான். 100 பேருக்கு 12 கிலோ அரிசி என்று வைத்தால் போதும். அரிசியை உங்கள் வயலிலோ சொந்தக்காரர் வயலிலோ நெல்லாக வாங்கிக் குத்தினால் அதிலும் மிச்சம். கறிகளின் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணி, ஒரு வறை, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம் இருந்தால் இலை நிறைந்துவிடும். கடைசியில் நம்மூர் எருமைத் தயிரும் ஒரு கரண்டி சீனியும் போடுங்கள். கொழும்பிலிருந்து வருகிறவர் அதைத்தான் போன பிறகும் சொல்வார். பலகாரத்துக்கு முறுக்கு, பயற்றம் பணியாரம், கொக்கிஸ் எல்லாம் அயலவர்கள் கூடிச் சுட்டால் பொருட்களின் காசோடு முடியும். பின்னேர வரவேற்புக்கு இன்னொரு முழுச் சாப்பாடு வேண்டாம். தாலிக்கட்டு ஒரு நாள், வரவேற்பு வேறொரு நாள் என்று வைத்தால் எல்லாச் செலவும் இரண்டு தரம் வரும். ஒரே நாளில் காலையில் தாலி, பிறகு ஒரே இடத்தில் மத்தியானம் சாப்பாடு, மூன்றரை மணிக்கு வரவேற்பு, தேத்தண்ணி, ரோல்ஸ், கேக் துண்டு. ஆறு மணிக்கு முடித்தால் மாப்பிள்ளை வீட்டாரும் இரவு பிந்தாமல் திருக்கோவில் போய்ச் சேரலாம்.

இனி உடுப்புக்கு வருகிறேன்.

வாடகையா, தைப்பதா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே விடை இல்லை. முழுக்கக் கல்லும் கண்ணாடியும் பதித்த, படங்களில் பார்க்கிற கனத்த லெஹங்காதான் வேண்டும் என்றால் வாடகைக்கே எடுங்கள். அந்த வேலைப்பாட்டைச் செய்வித்தால் கூலி தாங்காது. பிறகு அதைப் போட இன்னொரு இடமும் வராது. ஆனால் வாடகை உடுப்பு வேறொருவர் உடம்புக்கு வெட்டியது. முதுகில் ஊசி குத்தி இறுக்கித்தான் விடுவோம். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். கறை பட்டால் தண்டம் வேறு. உங்கள் ஆசை உங்கள் உடம்பில் அளவாக நிற்கிற ஒரு உடுப்பு என்றுதான் உங்கள் எழுத்திலிருந்து விளங்குகிறது. அதற்குத் தைப்பதுதான் வழி, அது நீங்கள் நினைக்கிற அளவு விலையும் இல்லை.

அதற்கான வழி இது. யார் (கெஜம்) அளந்து வெட்டுகிற துணி வாங்காமல், மெல்லிய பட்டுச் சாறி ஒன்றை வாங்குங்கள். சாறியின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர், அகலம் 45 அங்குலம் வரும். இடுப்பிலிருந்து தரை வரை பெரும்பாலான பெண்களுக்கு 38 முதல் 42 அங்குலம். அதாவது சாறியை அகலவாட்டில் நிறுத்தினால் அதன் கரையே பாவாடையின் கீழ்க்கரையாகிவிடும். தனியே லேஸ், பார்டர் எதுவும் வாங்கத் தேவையில்லை. மேலே மிஞ்சுகிற மூன்று முதல் ஏழு அங்குலத்தை வெட்டாமல் உள்ளுக்கு மடித்துவிட்டு, கொசுவம் கொசுவமாக மடித்து இடுப்புப் பட்டியில் பிடித்துத் தைத்தால் பாவாடை முடிந்தது. சாறியில் ஒரு இடத்திலும் கத்தரி படவில்லை. கலியாணம் முடிந்த பிறகு அந்தப் பட்டியின் தையலைப் பிரித்தால் அது மறுபடியும் சாறி. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கான செலவு என்ற பேச்சே எழாது. தீபாவளிக்கும் அவரே உடுத்தலாம்.

இதற்குக் கனத்த சரிகைப் பட்டு சரிவராது. ஐந்தரை மீற்றரை 28 அங்குல இடுப்பில் அடக்கும்போது கனத்த துணி மடிப்பு மேல் மடிப்பாக ஏறி இடுப்பைச் சுற்றிப் பாய் சுற்றியது போல நிற்கும். கையில் பிடித்துக் கசக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற பட்டாகப் பாருங்கள். அப்படியும் தடித்தால் கொசுவத்தை இடுப்பில் தொடங்காமல், அகலமான ஒரு பட்டி வைத்து இடுப்பெலும்பு மட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அங்கே சுற்றளவு கூட என்பதால் மடிப்பு பரவிவிடும். முந்தானையில் வேலைப்பாடு இருந்தால் அந்த மடிப்புகள் முன்பக்கம் வராமல் இடப்பக்கம் பின்னுக்கு விழும்படி தொடங்க வேண்டும். தைக்கிறவரிடம் இதை வாயால் சொல்லாமல், சாறியைப் பிடித்து மடித்துக் காட்டுங்கள்.

சுழன்றால் குடையாக விரிகிற முழு வட்டப் பாவாடைதான் மனதில் இருக்கிறதென்றால் கதை வேறு. இடுப்பு 28, உயரம் 41 என்று வைத்தால் வட்டத்தின் ஆரை கிட்டத்தட்ட 45½ அங்குலம் வரும். மேல் துணி மட்டும் 5 யார் வேண்டும். வட்டமாக வெட்டுவதால் நேர்க்கரை உள்ள துணி அதற்கு உதவாது; கரையைத் தனியே வாங்கி வளைத்துத் தைக்க வேண்டும். அழகுதான். ஆனால் அது திரும்பச் சாறியாகாது.

லைனிங் துணிக்கு பொலியெஸ்டர் சாட்டின் போடவே வேண்டாம். ஆவணியில் கச்சான் காற்று அடித்தால் மண்டபத்துக்குள் இருக்கிற வெக்கையில் அது வியர்வையோடு காலில் ஒட்டும், நடக்கவும் விடாது. மெல்லிய பருத்தி போடுங்கள். அந்தப் பருத்தியை வெட்டுவதற்கு முதல் நாள் தண்ணீரில் ஊற வைத்துக் காயவிட்டு அயர்ன் பண்ண வேண்டும். பருத்தி சுருங்கும், பட்டு அப்படிச் சுருங்காது. ஊற வைக்காமல் தைத்த சட்டை முதல் தடவை நனைந்தவுடன் உள்ளே இழுத்து வெளியே சுருக்கம் காட்டும். தையல் நன்றாக இல்லை என்று ஆக்கள் சொல்வது பல நேரம் இந்த ஒரு வேலையை விட்டதால்தான்.

சட்டைதான் முக்கியம். பாவாடை யாருக்கும் நிற்கும். சட்டை உங்களுக்கு மட்டும்தான் நிற்க வேண்டும். காசு செலவழிப்பதென்றால் இங்கே செலவழியுங்கள். மலிவான வெள்ளைப் பருத்தித் துணியில் முதலில் ஒரு ஒத்திகைச் சட்டை தைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மீற்றர் துணிதான் போகும். அதைப் போட்டுக்கொண்டு மூன்று காரியம் செய்து பாருங்கள். இரண்டு கையையும் தூக்கி உங்களைவிட உயரமான ஒருவர் கழுத்தில் மாலை போடுவதுபோலச் செய்யுங்கள். சட்டை முழுவதும் மேலே ஏறினால் கைக்குழி கீழே இறங்கி வெட்டப்பட்டிருக்கிறது. அதை உயர்த்தி வெட்ட வேண்டும். இறுக்கமான கைக்குழிதான் கையை இலகுவாகத் தூக்கவிடும் என்பது கேட்க மாறாக இருந்தாலும் உண்மை. பிறகு மணவறையில் இருப்பதுபோலச் சப்பணம் கட்டி இருந்து பாருங்கள். கடைசியாகக் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டு நிமிருங்கள், கழுத்து முன்னுக்குத் திறக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். மூன்றிலும் தேறினால் அந்த வெள்ளைச் சட்டையைப் பிரித்து அச்சாக வைத்துக்கொள்ளலாம். அதே அச்சில் கூறைக்கான சட்டையும் லெஹங்காவுக்கான சட்டையும் வெட்டலாம். ஒத்திகைக்கான கூலி இரண்டுக்கும் பங்கிடப்பட்டுவிடும்.

அளவு கொடுக்கும்போது கலியாணத்தன்று போடப்போகிற உள்ளாடையையும் செருப்பையும் போட்டுக்கொண்டு நில்லுங்கள். பக்கத் தையலுக்குள் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு முந்திய வாரங்களில் ஒரு பெண் மெலிவாள், ஒரு பெண் ஊர்ச் சாப்பாட்டில் கொஞ்சம் பூரிப்பாள். முதுகில் சிப் வைக்காமல் கொக்கியோ, கயிறு கோத்துக் கட்டுவதோ வைத்தால் அந்த வித்தியாசத்தை அன்றைக்கே சமாளிக்கலாம். வெளிக்கிடும்போது சிப் பிய்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆரி வேலை (கொக்கி ஊசியால் மணியும் நூலும் தைக்கிற பூவேலை) செய்விப்பதென்றால் துணியைச் சட்டகத்தில் இழுத்துக் கட்டித் தைக்க முன்னரே செய்வார்கள். அதனால் சட்டையின் வடிவம் துணியில் குறித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பக்கத் தையலுக்குள் மணி போகக்கூடாது. போனால் பிறகு தளர்த்த முடியாது. கூலி மணித்தியாலத்துக்கு ஏறுகிற வேலை என்பதால் எங்கே தெரியுமோ அங்கே மட்டும் செய்வியுங்கள். கூறைச் சட்டையில் முன்பக்கம் முழுக்க முந்தானை மூடிவிடும். முதுகுக் கழுத்தும் கையின் ஓரமும் போதும். 

துணியை எங்கே வாங்குவது? காத்தான்குடியும் கல்முனையும் உங்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒரு சாறிக்காகக் கொழும்புக்குப் போவது பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் போகலாம். எங்கே வாங்கினாலும் சாறியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். கடை விளக்கில் மாதுளை நிறமாகத் தெரிவது வெளியே செங்கல் நிறமாக இருக்கும். தோழிப் பெண்ணுக்கும் தங்கைமாருக்கும் ஒரே நிறத்தில் சாறி வேண்டுமென்றால் மருதமுனைக் கைத்தறிக்குப் போங்கள். நிறம் சொல்லி நெய்விக்கலாம். அவர்களுக்குப் போதிய நாள் கொடுத்தால் போதும். நம் பக்கத்துத் தறியில் நெய்ததை நம் வீட்டுக் கலியாணத்தில் உடுப்பதில் எனக்குத் தனிச் சந்தோசம் உண்டு.

நாட்கணக்கு இப்படி இருக்கட்டும். துணியைச் சித்திரைப் புத்தாண்டு நெருக்கத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். புத்தாண்டுக்கும் இரண்டு பெருநாள்களுக்கும் முந்திய வாரங்களில் நல்ல தையல் கைகள் புதிதாக ஒன்றையும் எடுக்காது; எடுத்தாலும் மனம் வைத்துச் செய்ய நேரம் இராது. ஒத்திகைச் சட்டை வைகாசியில். ஆரி வேலை ஆனியில். ஆடியில் முழு உடுப்பையும் போட்டுப் பார்ப்பது. கலியாணத்துக்குப் பத்து நாள் முன் உடுப்பு உங்கள் அலுமாரிக்குள் இருக்க வேண்டும். கூலி எவ்வளவு, லைனிங், கொக்கி, நூல் அதற்குள் அடங்குமா, எந்தத் தேதியில் போட்டுப் பார்ப்பது, எந்தத் தேதியில் கையில் தருவது என்பதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். படம் காட்டும்போது "இதுமாதிரி" என்று மட்டும் சொல்லாமல், அந்தப் படத்தில் பிடித்தது கழுத்தா, கையா, நிறமா என்று சொல்லுங்கள். எங்களுக்கு அதுதான் வேலையை இலகுவாக்கும்.

12 லட்சத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். 250 பேருக்குத் தலைக்கு 2,000 என்று சாப்பாட்டுக்கும் தேத்தண்ணி நேரத்துக்கும் 5 லட்சம். இடம், பந்தல், சோடனை, மேளம், ஐயர் இரண்டரை லட்சம். கூறை, சட்டைகள், லெஹங்கா, மாப்பிள்ளை உடுப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். படம், கார்ட், வாகனம், பெண்ணை வெளிக்கிடுத்துவது ஒன்றே முக்கால் லட்சம். மீதி ஒன்றேகால் லட்சத்தை ஒருவரும் தொடக்கூடாது. கடைசி வாரத்தில் எங்கிருந்தாவது ஒரு செலவு வந்தே தீரும்.

படத்துக்கு ஒரே குழு போதும், ட்ரோன் வேண்டாம். கார்ட்டைச் சிறிதாக அடித்து, வெளியூர்க்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதிவை விவாகப் பதிவாளரின் அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பதிவாளரை வீட்டுக்கு அழைத்து, கேக் வெட்டி, அதற்கொரு சாறி எடுத்து என்று இப்போது அதையே இன்னொரு கலியாணமாக்கிவிட்டார்கள். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கலும் அதே பாதையில் போகிறது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பொற்கொல்லரும் இருந்தால் அந்தச் சடங்கு நிறைவாகிவிடும்.

நகையை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தாலியை மஞ்சள் கயிற்றில் கட்டலாம், தாலிக்கொடியைப் பிறகு செய்யலாம். பவுண் என்றால் 8 கிராம். இப்போதைய விலையில் அயலில் ஒன்பது போட்டார்கள் என்று நாமும் ஒன்பது போட வேண்டியதில்லை. வாங்குகிற இடத்தில் செய்கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். அதற்காக நுண்கடன் கம்பனிகளின் பக்கம் மட்டும் தயவுசெய்து போக வேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடனால் நம் மாவட்டத்தில் எத்தனை பெண்கள் நொந்து போயிருக்கிறார்கள் என்று எல்லாரும் அறிவோம். புதுக் குடும்பம் அதோடு தொடங்கக்கூடாது. நம்பிக்கையான சொந்தங்களுக்குள் ஒரு சீட்டுப் பிடித்து, அது ஆடியில் உங்களுக்கு விழும்படி பேசுங்கள். கவரில் வருகிற அன்பளிப்பை நம்பி ஒரு செலவையும் வைக்காதீர்கள்.

மாப்பிள்ளைக்கும் வரவேற்புக்கு கோட் சூட் தைப்பதா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவர் வேலைக்கு அதைப் போடுகிறவர் என்றால் தைக்கட்டும், இல்லையென்றால் வாடகை. கோட் வாடகைக்கு எடுத்தால் தோள் மட்டும் சரியாக இருக்கிறதா பாருங்கள். கையையும் நீளத்தையும் ஒரு மணித்தியாலத்தில் திருத்தலாம், தோளைத் திருத்த முடியாது. உங்கள் லெஹங்காத் துணியில் மடிப்புக்குள் போகிற ஓரத்து நூலில் ஒன்றிரண்டை எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். டையை அந்த நிறத்துக்கு எடுக்கட்டும்.